கர்னல் வீட்டு டைனா

வேலையை விட்டு வந்தவளைச் சும்மா இருக்க விடுகிறார்களா! இருபத்திரண்டு வருஷம் நான் வழிகாட்டியாக இருந்த அந்தப் பழைய வீட்டில் இப்போது சின்னப் பிள்ளைகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இனிமேல் பார்க்க வருகிறவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாங்களே சுற்றிக்கொள்ளலாமாம். அதற்காகக் குரல் பதிவு நடக்கிறது. போன வாரம் அவர்களில் ஒருத்தி போன் பண்ணி, "ராஜி, மற்ற அறைகளில் எல்லாம் கர்னல் பேசுகிறார். சாப்பாட்டு அறையில் மட்டும் டைனா பேசுகிறாள். அது எப்படி வந்தது என்று எழுதித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அதில் என் பங்கு சரியாக வரவில்லை. நான் செய்த தப்பு தமிழில் செய்த தப்பு. அதைத் தமிழில்தான் ஒப்புக்கொள்ள முடியும் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் சந்தானம், "இந்த வீட்ல ரிட்டயர் ஆனது நான் மட்டும்தான் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்த மட்டும் சந்தோஷம்.

நான் மாயவரத்துக்காரி. பி.ஏ. சரித்திரம். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, இரண்டு பெண்களை டேகேர், ஸ்கூல் என்று அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு நாற்பது வயது. அப்போது எங்கள் அப்பார்ட்மெண்ட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு மாதம் போனேன். தலைவலிதான் மிச்சம். அப்புறம் பிரின்ஸ்டன் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில், இருநூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வீட்டைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்று நூலகத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு உமா, "அடுத்தவங்க வீட்டைச் சுத்திக் காட்டவா ஃபிளைட் ஏறி இவ்ளோ தூரம் வந்தே?" என்றாள். "உன் வீட்டையா சுத்திக் காட்டுறேன், போடி" என்று சொல்லிவிட்டு அப்ளை பண்ணினேன்.

அந்த வீடு ஒரு கர்னலுடையது. இந்த நாடு பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து பிரிந்தபோது அந்த வட்டாரத்துக்கே பெரிய தலைவர். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற சுதந்திரப் பிரகடனத்தை, கோர்ட்டுப் படியில் நின்று ஊருக்கே உரக்க வாசித்துக் காட்டியவர். படி கொள்ளாத கூட்டம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு மேலதிகாரி மிஸஸ் ஹாலோவே. ஒல்லியான உயரமான அம்மாள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் நான் பயந்து அடுத்த அறைக்கு நழுவிவிடுவேன். முதல் நாளே என் முழுப் பெயரை அசை அசையாக எழுதித் தரச் சொன்னார். மறுநாள் காலையில் "குட் மார்னிங், மிஸஸ் ராஜலட்சுமி" என்று ஒரு பிசிறில்லாமல் சொன்னார். ராஜி என்றே கூப்பிடுங்கள் என்றேன். "உங்களுக்குப் பெயர் இருக்கும்போது அதைப் பாதியாக்க எனக்கு என்ன உரிமை?" என்றார். அவர் சொன்னதெல்லாம் இங்கிலீஷில். என் வாய்க்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய முறை ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது நாங்கள் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் மொத்தம் நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் மரப்பெட்டியில் ஒரு கார்டு. அந்த வாக்கியம் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது, அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று கார்டில் பென்சிலால் எழுதியிருக்கும். கர்னலுக்கு முழங்கால் வலி என்று சொல்ல வேண்டுமானால், வலிக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் இருக்க வேண்டும். கார்டு இல்லாத வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தர் மாடியில் பேய் நடக்கிறது என்று குழந்தைகளிடம் சொல்லப்போய், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வந்தவர்கள் நமக்குத் தெரியாத கேள்வியைக் கேட்டால் மழுப்பக் கூடாது. மஞ்சள் சீட்டில் கேள்வியை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கி, ஒரு மாதத்துக்குள் தபாலில் பதில் அனுப்ப வேண்டும்.

முதல் வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பின்கட்டுச் சமையலறைக்கு எழுபத்து நாலாம் வாக்கியம்: கர்னலின் வீட்டில் ஏழு பணியாட்கள் இருந்தார்கள், அவர்களில் டைனா என்பவள் அவருடைய ஐந்து குழந்தைகளையும் வளர்த்தாள். அவ்வளவுதான் இருந்தது. கேட்பவர்களுக்கு மொட்டையாக இருக்கிறதே என்று எனக்கு ஒரு குறை. ஒரு நாள் என்னை அறியாமல், "இந்த வீட்டு மனுஷி மாதிரியே அவளை வைத்திருந்தார்கள்" என்று சேர்த்தேன். எல்லாரும் "அட" என்று முகம் மலர்ந்தார்கள். அப்புறம் என்ன, தினமும் சொன்னேன்.

இதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. மாயவரத்தில் எங்கள் வீட்டில் செல்லம்மா என்று ஒருத்தி வேலை செய்தாள். என்னையும் தம்பியையும் குளிப்பாட்டி, தலை வாரி, ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தவள் அவள்தான். வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா பெருமையாகச் சொல்வாள்: "அவ நம்ம வீட்டு மனுஷி மாதிரி." கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம். அமெரிக்காவில் ஒரு சமையலறையைக் காட்டி இங்கே ஒருத்தி வேலை செய்தாள் என்றதும் தானாக வாயில் வந்துவிட்டது.

இரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை. ட்ரென்டனிலிருந்து ஒரு சர்ச் கூட்டம் பஸ்ஸில் வந்தது. பதினாறு பேர், எல்லாரும் கறுப்பினத்தவர்கள். அதில் மிஸஸ் கோல்மன் என்று ஓர் அம்மாள், எழுபது வயதிருக்கும், ரிட்டயரான நர்ஸ். சமையலறையில் என் வாக்கியத்தைக் கேட்டதும் அடுப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து சாப்பாட்டு அறைக்கு வந்தோம். நீள மேஜை, சுற்றி எட்டு நாற்காலி, சுவரில் கர்னலின் படம். மிஸஸ் கோல்மன் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அம்மா, ஒன்று கேட்கலாமா? டைனா இந்த வீட்டு மனுஷி மாதிரி என்றீர்களே. இதில் அவள் உட்கார்ந்த நாற்காலி எது?"

நக்கலாகக் கேட்கவில்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் குரல் அது. நான் எட்டு நாற்காலியையும் பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்ததோ எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம். செல்லம்மா கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடுவாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு. அவள் டம்ளர் தனியாக மாடத்தில் கவிழ்த்திருக்கும், அதை நாங்கள் தொட மாட்டோம். வாசல் வழியாக அவள் வந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"தெரியவில்லை" என்றேன். மஞ்சள் சீட்டை நீட்டினேன். அவர் கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினார். எழுதிவிட்டு, "எங்கள் அம்மா வழியில் எங்களுக்குத் தெரிந்த முதல் பெயர் டைனா. இந்த வீட்டை எதிர்த்து அவள் கோர்ட்டுக்குப் போனாள் என்று எங்கள் குடும்பத்தில் சொல்லிக்கொண்டு வருகிறோம். வெறும் பேச்சு என்று பல பேர் சிரித்திருக்கிறார்கள். சாவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

சீட்டு மிஸஸ் ஹாலோவேயிடம் போனது. திங்கட்கிழமை வீடு மூடியிருக்கும். என்னை மட்டும் வரச் சொன்னார். மரப்பெட்டியைத் திறந்து எழுபத்து நாலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"வீட்டு மனுஷி மாதிரி என்பதற்குக் கார்டு எங்கே, மிஸஸ் ராஜலட்சுமி?"

"இல்லை."

பென்சிலை எடுத்தார். சீவினார். சீவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாதம் இருக்கிறது. அந்த வாக்கியத்துக்குக் காகிதம் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் அது நீங்களாகச் சேர்த்தது என்று மிஸஸ் கோல்மனுக்கு உங்கள் கையால் எழுதிவிட்டு, வேலையை விட்டுப் போகலாம். அதுவரை நீங்கள் யாருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டாம்."

வீட்டுக்கு வந்து அழுதேன். வேலை போகிறதே என்றுதான் அழுதேன், பொய் சொல்வானேன்! சந்தானம், "ஒரு லைன்தானே, சாரி சொல்லிட்டு வேற வேலை பாரேன்" என்றார். எனக்கு அது முடியாது. டைனாவை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள் என்று ஒரு காகிதம், ஒரே ஒரு காகிதம் கிடைத்தால் போதும், தலை நிமிர்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நிலவறையில் காகிதங்கள் இருந்தன. கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். ஒரு நேரத்தில் ஓர் உறை. எடுத்த இடத்தில் அடையாளத்துக்கு ஓர் அட்டை வைக்க வேண்டும். கர்னலின் கையெழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒரு பக்கம் படிக்க முதலில் அரை மணி ஆனது, அப்புறம் பத்து நிமிஷம். கண் வலித்தால் மேலே நூலகத்தில் அந்தக் காலத்தைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டுவேன். அதில்தான் முதல் தடவையாகப் படித்தேன்: அந்தப் பிரகடனத்தை எழுதிய பெரிய தலைவருக்கே, தானாகக் கணிதம் கற்றுப் பஞ்சாங்கம் கணித்த ஒரு கறுப்பினத்தவர் தன் பஞ்சாங்கத்தையும் இணைத்துக் கடிதம் போட்டிருக்கிறார். சமம் என்று எழுதிய நீங்களே எங்கள் ஆட்களை அடிமையாக வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வடக்கே அடிமைகள் கூடிச் சட்டசபைக்கு மனு எழுதியிருக்கிறார்கள். பி.ஏ. படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் தேடியது கிடைத்தது. கர்னல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம். வேறு விஷயமெல்லாம் சொல்லிவிட்டு நடுவில் எழுதுகிறார்: டைனாவை எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாகவே நடத்தி வந்தோம். அதைப் படித்ததும் "கிடைச்சிடுச்சு" என்று தமிழில் கத்திவிட்டேன். நிலவறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று. அடுத்த வரிக்குப் போனேன். அப்படி நடத்தியும் அந்த நன்றிகெட்டவள் என் மேல் நீதிபதியிடம் மனு கொடுத்திருக்கிறாள், அவளுக்கு இங்கே என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை என்று இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. என் வாக்கியத்துக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. அதைச் சொன்னது கர்னல், அவளை விடுதலை செய்ய மறுக்கும்போது சொன்னது. என் அம்மா சொன்னதும் இதைத்தானே, நான் சொன்னதும் இதைத்தானே என்று அந்தக் குளிர்ந்த அறையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அழுகை வேலைக்காக இல்லை.

அன்று சாயங்காலம் திருச்சியில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், செல்லம்மா முழுப்பேரு என்னடா? அவ புள்ளைங்க எங்க இருக்காங்க?"

"என்னக்கா திடீர்னு? அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவளை நல்லாத்தானே வச்சிருந்தோம்."

"நல்லா வச்சிருந்தோமா! அவ என்னிக்காவது கூடத்துல உக்காந்து சாப்பிட்டுப் பாத்திருக்கியா?"

அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். அப்புறம், "இல்லக்கா" என்றான். அவன் மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை. செல்லம்மா செத்துப்போனதுகூட எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

மனு கொடுத்தாள் என்றால் மனு எங்கேயோ இருக்க வேண்டும். மறுநாள் சந்தானம் லீவு போட்டுவிட்டு என்னைக் கவுண்டியின் பழைய ஆவணங்கள் இருக்கும் கட்டடத்துக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனார். அங்கே மூன்று நாள் ஆனது. கிடைத்தது இரண்டு தாள். டைனாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதியிருக்கிறார். அடியில் அவள் போட்ட பெருக்கல் குறி.

கர்னல் கோர்ட்டுப் படியில் அந்தப் பிரகடனத்தை வாசித்தபோது அவருடைய கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டைனா கூட்டத்தில் நின்றிருக்கிறாள். முழுவதும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, இதில் நானும் உண்டா என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். அது சமையலறையில் பேசுகிற விஷயமல்ல என்றிருக்கிறார். பிறகு அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோது டைனாவைச் சீராகக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு நடந்தது. அப்போதுதான் அவள் நடந்தே கோர்ட்டுக்குப் போனாள். உனக்கு அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை உண்டா என்று நீதிபதி கேட்க, டைனா சொன்ன பதிலைக் குமாஸ்தா அப்படியே எழுதியிருந்தார். எனக்குச் சோறு குறைவில்லை. நான் கேட்டது சோறு அல்ல.

அந்த மனு தள்ளுபடி. அடுத்த வருஷம் மறுபடியும் மனு கொடுத்தாள், அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு. அந்த முறை ஜெயித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே கை தட்ட வேண்டும் போலிருந்தது.

கடிதத்தையும் மனுவையும் நகலெடுத்து மிஸஸ் ஹாலோவே முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பென்சிலைத் தொடவில்லை. எழுந்து போய் மரப்பெட்டியிலிருந்து எழுபத்து நாலாம் கார்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். ஏழு பணியாட்கள் என்பதற்கு ஆதாரமாக, கர்னலின் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் அச்சடித்த குடும்பப் புகழ் மாலை ஒன்றின் பெயர்தான் அதில் எழுதியிருந்தது. டைனா ஜெயிப்பதற்கு முன்பே கர்னல் எழுதி வைத்த உயிலில் அந்த ஏழு பேரும் அடிமைகள் என்றே இருக்கிறார்கள்.

"பதினெட்டு வருஷமாக நானும் கார்டு இல்லாமல்தான் பேசியிருக்கிறேன், மிஸஸ் ராஜலட்சுமி" என்றார். கார்டின் குறுக்கே ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்கிருந்த பயமெல்லாம் அன்றைக்கு மரியாதையாக மாறியது.

ஆனாலும் டைனாவின் பதிலைச் சாப்பாட்டு அறையில் சொல்லும் புது வாக்கியத்தை, வீட்டை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது பேர். நடுநாயகமாகக் கர்னல் வம்சத்துப் பெரியவர் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கெல்லாம் கேக் கொடுப்பவர். "அந்தக் காலத்து ஆட்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளப்பது நியாயமா?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். மிஸஸ் ஹாலோவே என்னைப் பார்த்தார். நகலைக் கையில் எடுத்துக்கொண்டேன். எழுந்தேன்.

"சார், டைனாவும் அந்தக் காலத்து ஆள்தானே? அளந்தது நான் இல்லை. அவள்."

பெரியவர் நகலை வாங்கிப் படித்தார். இரண்டு தாளையும் படிக்க அவருக்கு வெகு நேரமானது. கடைசியில் கை தூக்கச் சொன்னபோது அவர் கைதான் முதலில் உயர்ந்தது. ஏழுக்கு இரண்டு. வேலையும் தப்பித்தது.

ஆனால் மிஸஸ் கோல்மனுக்கு எழுத வேண்டிய கடிதம் தப்பவில்லை. ஜெயித்துவிட்டோமே, டைப் அடித்து அனுப்பலாமா என்று கேட்டேன். "கையால்" என்றார் மிஸஸ் ஹாலோவே. எழுதினேன். மனுவின் நகலை வைத்தேன். அந்த வாக்கியம் நானாகச் சேர்த்தது என்று எழுதினேன். எங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணைப் பற்றி இப்படித்தான் சொல்வோம், அவளுக்கும் நாற்காலி இருந்ததில்லை, இதை நீங்கள் கேட்கும்வரை நான் யோசித்ததில்லை, மன்னியுங்கள் என்று எழுதினேன். நான்கு தாள் கிழித்து ஐந்தாவதைத்தான் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அடுத்த மாதம் அவரே வந்தார், அதே சர்ச் பஸ்ஸில், அதே கூட்டத்தோடு. வாசலில் என் கையைப் பிடித்து, "உன் கடிதத்தை சர்ச்சில் வாசித்தோம்" என்றார். நான் முன்னறை, படிப்பறை எல்லாம் காட்டிவிட்டு அவர்களைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனேன். கர்னல் சொன்னதை முதலில் சொன்னேன். அப்புறம் டைனா கோர்ட்டுக்குப் போனதையும், நீதிபதி கேட்டதையும், அவள் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார் மிஸஸ் கோல்மன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

சொன்னேன். பின்னால் யாரோ "ஆமென்" என்றார்கள்.

"இன்னொரு தரம்."

நான் வாயைத் திறப்பதற்குள், கர்னலின் படத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, பதினாறு பேரும் சேர்ந்து சொன்னார்கள்: "எனக்குச் சோறு குறைவில்லை. நான் கேட்டது சோறு அல்ல."